மென்பொருள் ஆக்கத்தில் முகவர் கூட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

தனி ஒருவரால் செய்து முடிக்க இயலாத பணியைப் பலர் கூடிச் செய்வது மாந்தர் வாழ்வின் தொன்மையான வழக்கமாகும். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும், ஊர் கூடுவது மட்டும் போதாது. வடத்தை எப்பொழுது இழுப்பது, எப்பொழுது நிறுத்துவது, சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுபவர் யார் என்பன முறைப்படுத்தப்படாவிடின் தேர் நிலைக்கு வந்து சேராது. கூட்டு முயற்சியின் பயனும் இடரும் இவ்வொழுங்கிலேயே அடங்கியுள்ளன.

இன்று கணினித் துறையில் புதியதொரு கூட்டு முயற்சி தோன்றியுள்ளது. செயற்கை நுண்ணறிவு பெற்ற முகவர்கள் பல ஒன்றுசேர்ந்து மென்பொருளைத் திட்டமிட்டு எழுதி முடிக்கும் முறையே அது. முகவர் என்பது, தனக்கு இடப்பட்ட நோக்கத்தை ஏற்று, அதனை அடைதற்குரிய படிகளைத் தானே வகுத்து, கோப்புகளைப் படித்தல், நிரல் எழுதுதல், சோதனைகளை இயக்குதல் ஆகிய செயல்களைத் தானே மேற்கொண்டு, விளைவைக் கண்டு அடுத்த படியைத் தெரிவு செய்யும் ஒருவகை மென்பொருளாகும். 'முகவர்' என்னும் சொல் உயர்திணைக்குரிய ஈற்றைப் பெற்றிருப்பினும், ஈண்டு அது குறிப்பது பொருளையே ஆதலின் அஃறிணை முடிபு கொள்வதே பொருந்தும். இத்திணை வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடுவதன்று என்பது பின்னர் விளங்கும்.

இம்முறை நேற்றுத் தோன்றிய புதுமை என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் இதன் வேர்கள் அரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட பழமை உடையவை. அவ்வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பணியைப் பகிர்வது எளிது; பகிர்ந்தவற்றை ஒன்றாக்குவது அரிது; ஒன்றாக்கியதற்குப் பொறுப்பேற்பது அதனினும் அரிது.

மென்பொருள் நெருக்கடி

1964ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம்/360' என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அக்கணினிகளை ஆளும் இயக்க மென்பொருளை எழுதும் பணியில் மிகப் பலர் ஈடுபடுத்தப்பட்டனர். ஆட்களும் பொருளும் குறைவின்றி வழங்கப்பட்டும் அப்பணி குறித்த காலத்தில் முடியவில்லை. இத்தகைய இடர்ப்பாடுகள் அந்நாளில் பல நாடுகளிலும் காணப்பட்டன. எனவே, 1968ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் செருமனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் அறிவியல் குழு ஒரு மாநாட்டைக் கூட்டியது. மென்பொருள் ஆக்கத்தையும் ஒரு பொறியியல் துறையாகக் கருதி ஒழுங்குபடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அம்மாநாட்டால் வலுப்பெற்றது. 'மென்பொருள் நெருக்கடி' என்னும் தொடரும் அக்காலத்தே பரவியது.

அதே 1968ஆம் ஆண்டில் மெல்வின் கான்வே என்பார் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓர் அமைப்பினர் உருவாக்கும் பொருளின் வடிவம், அவ்வமைப்பினுள் யார் யாரோடு பேசுகின்றனர் என்னும் தொடர்பின் வடிவத்தையே ஒத்திருக்கும் என்பது அவர்தம் கருத்து. நான்கு குழுக்கள் தனித்தனியே அமர்ந்து எழுதினால் மென்பொருளும் நான்கு துண்டங்களாகவே அமையும். 1972ஆம் ஆண்டில் டேவிட் பார்னாஸ், பெரிய நிரலைக் கூறுபோடும் முறையை ஆராய்ந்தார். மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூற்றினுள் மறைத்து வைத்தல் வேண்டும் என்றும், ஒன்றன் உள்விவரத்தை மற்றொன்று அறியாமலே இயங்குமாறு பகுத்தல் வேண்டும் என்றும் அவர் நிறுவினார்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் அவ்வியக்க மென்பொருள் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெடெரிக் புரூக்ஸ், தம் பட்டறிவைத் திரட்டி 1975ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். காலம் தாழ்ந்த மென்பொருள் பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்பது அந்நூலால் புகழ்பெற்ற விதி. புதியவர்க்குப் பழையவர் கற்றுக்கொடுத்தல் வேண்டும். அதனால் பழையவர் பணி தடைப்படும். அன்றியும், பேசிக்கொள்ள வேண்டிய இணைகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் விரைந்து பெருகும். மூவர் இருப்பின் 3 இணைகள். பதின்மர் இருப்பின் 45 இணைகள். ஐம்பதின்மர் இருப்பின் 1,225 இணைகள். ஆள் ஐந்து மடங்காகும்போது பேச்சு இருபத்தேழு மடங்காகிறது. மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

இதற்குத் தீர்வாக ஹார்லன் மில்ஸ் என்பார் கூறிய முறையொன்றைப் புரூக்ஸ் எடுத்துக்காட்டினார். அறுவை மருத்துவக் குழுவில் கத்தியைக் கையில் ஏந்துபவர் ஒருவரே. ஏனையோர் அவர்க்குத் துணைநிற்பர். அதுபோல, மென்பொருளின் வடிவம் முழுவதும் ஒருவர் உள்ளத்தில் உருவாதல் வேண்டும். துணை நிரலாளரும், சோதிப்பவரும், ஆவணங்களைக் காப்பவரும் அவரைச் சூழ்ந்து பணியாற்றுதல் வேண்டும். ஒரு தலைமை, பல துணைகள் என்னும் இவ்வமைப்பை நினைவில் இருத்துதல் நலம். ஐம்பது ஆண்டுகட்குப் பின் அதுவே வேறு உருவில் மீண்டு வந்தது.

கரும்பலகையைச் சூழ்ந்த வல்லுநர்

மாந்தர் கூட்டத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சிகள் நிகழ்ந்த அதே காலத்தில், நிரல்களின் கூட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் தொடங்கியது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை, மாந்தர் பேச்சைக் கணினி உணரச் செய்யும் ஐந்தாண்டுத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. தொடர்ந்து பேசப்படும் பேச்சில் ஏறத்தாழ 1,000 சொற்களை அறிதல் அதன் இலக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இவ்வாராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் ராஜ் ரெட்டி ஆவார். ஆந்திர நாட்டில் பிறந்த அவர், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். பின்னர் 1994ஆம் ஆண்டிற்குரிய டூரிங் விருதை எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்து பெற்றார்.

அங்கு உருவான 'ஹியர்சே-2' என்னும் அமைப்பு, ஆசிரியர் எவர்க்கும் எளிதில் விளங்கும் உவமையொன்றைக் கொண்டது. வகுப்பறையில் ஒரு கரும்பலகை உள்ளது. அதனைச் சுற்றிப் பல வல்லுநர் நிற்கின்றனர். ஒருவர் ஒலியை அறிந்தவர். ஒருவர் அசையை அறிந்தவர். மற்றொருவர் சொல்லையும் பிறிதொருவர் தொடரமைப்பையும் அறிந்தவர். இவர்கள் தமக்குள் நேரே பேசிக்கொள்வதில்லை. ஒருவர் தாம் கண்டதைப் பலகையில் எழுதுவார், அதனைக் காணும் மற்றொருவர் தம் அறிவிற்கு எட்டியதைச் சேர்ப்பார், ஐயத்திற்குரியது அழிக்கப்படும். இவ்வாறு படிப்படியாகப் பலகையில் விடை உருவாகும். எல்லாரும் ஒரே பலகையை நோக்குவதால், புரூக்ஸ் கணக்கிட்ட இணைப்புகளின் பெருக்கம் இங்குத் தோன்றுவதில்லை.

ஆயினும், 1976ஆம் ஆண்டில் திட்டம் நிறைவுற்றபொழுது இலக்கைச் சிறப்பாக எட்டியது ஹியர்சே-2 அன்று. அதே பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹார்ப்பி' என்னும் மற்றோர் அமைப்பாகும். ஹார்ப்பியில் வல்லுநர் கூட்டம் இல்லை. அறிவனைத்தும் ஒரே வலைப்பின்னலாக முன்னரே தொகுக்கப்பட்டிருந்தது. கூட்டம் எப்பொழுதும் தனியொன்றை வெல்லும் என்பதில்லை என்பதற்கு இது முதற்சான்று. எனினும், கரும்பலகை என்னும் கருத்து மறையவில்லை. பிற்கால ஆராய்ச்சிகள் பலவற்றிற்கு அதுவே வித்தாயிற்று.

1980ஆம் ஆண்டில் ரீட் ஸ்மித் என்பார் 'ஒப்பந்த வலை' என்னும் நெறியை வகுத்தார். பணி உடைய நிரல் அதனை அறிவிக்கும்; செய்ய வல்லவை தத்தம் தகுதியைக் கூறி விலைகோரும்; தக்க ஒன்றிற்குப் பணி வழங்கப்படும். 1986ஆம் ஆண்டில் மார்வின் மின்ஸ்கி, மாந்தர் மனமே சிறுசிறு முகவர்களின் சமுதாயம்தான் என்னும் கொள்கையை ஒரு நூலில் விரித்துரைத்தார். 1996ஆம் ஆண்டில், முகவர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளுக்குப் பொதுவிதி வகுக்கப் 'ஃபிப்பா' என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது.

இவ்வளவு முயன்றும் அம்முகவர்களால் ஒரு பொதுவான மென்பொருளைத் திட்டமிட்டு எழுத இயலவில்லை. அவை அறிந்தன எல்லாம் மாந்தர் விதிகளாக எழுதித் தந்தவையே. மாந்தர் பேசும் மொழியில் ஒரு தேவையைக் கூறினால், அதனை உணர்ந்து செயலாக்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. கூடும் முறை அறியப்பட்டிருந்தது. கூடுதற்குரிய உறுப்பினர் இல்லை எனலாம்.

மொழி பயின்ற கணினி

அக்குறையை நீக்கியது மொழி மாதிரிகளின் வளர்ச்சியாகும். 2017ஆம் ஆண்டில் கூகுள் நிறுவன ஆய்வாளர் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் அமைப்பை வெளியிட்டனர். அதன்வழி, பெருந்தொகையான நூல்களையும் நிரல்களையும் கொண்டு மாதிரிகள் பயிற்றப்பட்டன. 2021ஆம் ஆண்டில், நிரலாளர் எழுதும்பொழுதே அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கும் 'கோபைலட்' வந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் 'சாட்ஜிபிடி' வெளியிடப்பட்டது. அதே ஆண்டில், சிந்தித்தல், செயற்படுதல், விளைவை நோக்குதல் ஆகிய மூன்றையும் மாதிரி மாறி மாறிச் செய்யும் 'ரியாக்ட்' என்னும் முறையும் ஆய்வுலகிற்கு வந்தது. முகவர் என்பதற்கு உயிர்நாடியாக அமைந்தது இச்சுழற்சியே.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'ஆட்டோ-ஜிபிடி' தனக்குத் தானே பணிகளை வகுத்துக்கொண்டு இயங்கியது. பலரும் வியந்தனர். ஆயின், செய்ததையே திரும்பச் செய்து சுழலும் குறையும் அதனிடம் விரைவில் காணப்பட்டது. வழிநடத்துவார் இல்லாத முகவர் ஊக்கம் மிகுந்தும் ஊர் போய்ச் சேராது என்பது தெளிவாயிற்று.

அதற்கு மாற்றாக எழுந்ததே முகவர் கூட்டம். 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் 'சாட்டெவ்' என்பதனை அறிமுகப்படுத்தினர். அஃது ஒரு கற்பனை நிறுவனம். தலைமை நிருவாகி, தொழில்நுட்பத் தலைவர், நிரலாளர், சீராய்வாளர், சோதனையாளர் ஆகிய பதவிகள் அனைத்தையும் முகவர்களே வகித்தன. வடிவமைத்தல், எழுதுதல், சோதித்தல், ஆவணப்படுத்தல் என்னும் கட்டங்களை இருவர் இருவராக உரையாடி அவை கடந்தன. சிறியதொரு மென்பொருள் ஏழு நிமிடத்திற்குள், ஓர் அமெரிக்க டாலருக்கும் குறைந்த செலவில் முடிந்ததாக ஆய்வாளர் அறிவித்தனர்.

அடுத்த திங்களில் 'மெட்டாஜிபிடி' வெளிவந்தது. முகவர்களை வெறுமனே உரையாட விட்டால் பேச்சு நீண்டு பொருள் திரியும் என்பதை அதனை உருவாக்கியோர் உணர்ந்திருந்தனர். எனவே, உரையாடலுக்கு மாற்றாக ஆவணம் என்னும் நெறியைக் கைக்கொண்டனர். ஒரு முகவர் தேவை அறிக்கையை எழுதும். அதனைக் கொண்டு மற்றொன்று கட்டமைப்பு வரைவை ஆக்கும். அதன்பின் பணிப்பட்டியலும் நிரலும் சோதனையும் தொடரும். அனைத்தும் ஒரு பொதுவிடத்தில் வைக்கப்படும். தனக்கு வேண்டியதை ஒவ்வொன்றும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஹியர்சே-2 பயன்படுத்திய கரும்பலகை, நாற்பத்தேழு ஆண்டுகட்குப் பின் மீண்டும் சுவரில் மாட்டப்பட்டது என்று கூறின் மிகையாகாது.

தேர்வும் மதிப்பெண்ணும்

சிறு விளையாட்டு நிரல்களை எழுதுவது வேறு. பல்லாயிரம் வரிகள் கொண்ட பழைய மென்பொருளினுள் புகுந்து பிழை திருத்துவது வேறு. இவ்வேறுபாட்டை அளக்க, 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் 'ஸ்வீ-பெஞ்ச்' என்னும் தேர்வை வெளியிட்டனர். பைத்தான் மொழியில் அமைந்த 12 மென்பொருள்களிலிருந்து மாந்தர் உண்மையாகவே எதிர்கொண்ட 2,294 சிக்கல்கள் தொகுக்கப்பட்டன. அன்று முதன்மை பெற்ற மாதிரி தீர்த்தவை 1.96 விழுக்காடு மட்டுமே. நூற்றுக்கு இரண்டு மதிப்பெண்கூடப் பெறாத மாணவனாகவே கணினி நின்றது.

2024ஆம் ஆண்டில், கோப்புகளைத் திறக்கவும் தேடவும் திருத்தவும் ஏற்ற கருவிகளை முகவர்க்கு வடிவமைத்துக் கொடுத்தபொழுது அவ்வெண் பன்னிரண்டு விழுக்காட்டைக் கடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், தெளிவற்ற வினாக்களை மாந்தர் நீக்கிச் சரிபார்த்த 500 சிக்கல்கள் தனித் தேர்வாக வெளியிடப்பட்டன. 2025ஆம் ஆண்டிற்குள் சிறந்த அமைப்புகள் அத்தேர்வில் எழுபது விழுக்காட்டிற்கு மேல் பெற்றன. இரண்டு தேர்வுகளும் வேறுவேறாதலின் எண்களை அப்படியே ஒப்பிடுதல் முறையன்று. எனினும் வளர்ச்சி பெரிது என்பதில் ஐயமில்லை.

கூட்டத்தின் குறைகள்

ஆற்றல் பெருகியபின் கூட்டத்தின் பழைய குறைகள் மீண்டும் தலைதூக்கின. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர், முகவர் கூட்டங்கள் ஏன் தவறுகின்றன என்று ஆராய்ந்து 14 வகைத் தவறுகளைக் கண்டனர். அவற்றை மூன்று பெரும்பிரிவாகப் பகுத்தனர். பணியும் பங்கும் தெளிவாக வகுக்கப்படாமை முதலாவது; முகவர்களிடையே இசைவின்மை இரண்டாவது; முடிந்த பணியைச் சரிபார்க்காமை மூன்றாவது. இம்மூன்றும் மாந்தர் குழுக்களிலும் காணப்படும் குறைகளே அல்லவா?

அதே ஆண்டு சூன் திங்களில் இருவேறு கருத்துகள் எதிரெதிரே நின்றன. காக்னிஷன் என்னும் நிறுவனத்தார், பல முகவர்களைப் பயன்படுத்தலாகாது என வாதிட்டனர். அவர்தம் எடுத்துக்காட்டு சுவையானது. பறவை பறக்கும் விளையாட்டு ஒன்றை ஆக்குமாறு இரு துணை முகவர்களிடம் பணி பகிரப்படுகிறது. ஒன்று பின்புலக் காட்சியை ஒரு பாணியில் வரைகிறது. மற்றொன்று பறவையை முற்றிலும் வேறொரு பாணியில் ஆக்குகிறது. தனித்தனியே நோக்கின் இரண்டும் குற்றமற்றவை. சேர்த்து நோக்கின் இரண்டும் பயனற்றவை. கான்வே 1968ஆம் ஆண்டில் எச்சரித்தது இதனையே.

ஆந்த்ரோபிக் நிறுவனத்தாரோ, செய்தி தேடி ஆராயும் பணியில் ஒரு தலைமை முகவரும் பல துணை முகவர்களும் கொண்ட அமைப்பு தனி முகவரைப் பெரிதும் விஞ்சியதெனக் காட்டினர். ஆயினும், வழக்கமான உரையாடலைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு கணிப்புச் செலவு அதற்கு ஆகிறதென்பதையும், நிரல் எழுதும் பணியில் ஒரே வேளையில் பகிர்ந்து செய்யத்தக்க பகுதிகள் குறைவு என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டனர். ஆகவே இரு கருத்துகளும் முற்றிலும் முரணானவை அல்ல. ஒன்றையொன்று சாராத பணிகளைப் பகிரலாம். ஒன்றோடொன்று பின்னிய பணிகளைப் பகிர்தல் கேடு பயக்கும் என்பதே இரண்டாலும் பெறப்படும் முடிவு.

இப்பட்டறிவால் உருவான நடைமுறை பின்வருமாறு அமைகிறது. முதற்கண் தலைமை முகவர் முழுப் பணியையும் ஆராய்ந்து திட்டத்தை எழுத்தில் வடிக்கும். அதனை மாந்தர் ஒருவர் படித்துத் திருத்தி ஒப்புதல் அளிப்பார். பின்னர், சார்பற்ற பகுதிகள் துணை முகவர்களிடம் ஒப்படைக்கப்படும். ஒரு மாதிரி ஒரே வேளையில் மனத்திற்கொள்ளக்கூடிய செய்திக்கு எல்லை உண்டாதலின், துணை முகவர்க்கு அதன் பணிக்கு வேண்டியது மட்டும் தரப்படும். ஒன்று எழுதுவதை மற்றொன்று அழித்துவிடாதவாறு, 2005ஆம் ஆண்டில் தோன்றிய 'கிட்' என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியின் துணையால் ஒவ்வொன்றும் தனிப் படியில் பணிபுரியும். எழுதிய முகவரே தன் எழுத்தை மதிப்பிடாமல் வேறொன்று சீராய்வு செய்யும். சோதனைகளில் தேறிய பகுதிகளே ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படும். மில்ஸ் கூறிய அறுவைக் குழுவும், பார்னாஸ் கூறிய மறைப்பும், ஹியர்சே-2 காட்டிய கரும்பலகையும் இந்நடைமுறையில் ஒருங்கே காணப்படுகின்றன.

பொறுப்பு யாருடையது?

இவ்வரலாற்றின் இறுதியில் எழும் வினா தொழில்நுட்பம் பற்றியதன்று. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், எந்த மாற்றமும் செய்யலாகாது என்று தடுக்கப்பட்டிருந்தும், ஒரு நிரலாக்க முகவர் நடப்பிலிருந்த தரவுத்தளம் ஒன்றை அழித்துவிட்டது. அச்செய்தி உலகெங்கும் பரவியது. மன்னிப்புக் கோரியவர் அம்முகவரை வழங்கிய நிறுவனத்தின் தலைவர் ஆவார். முகவரும் மன்னிப்புச் சொற்களை எழுத வல்லதே. ஆயினும் அதனால் எவர்க்கும் எவ்விழப்பும் ஈடாகாது. சொல் எழுதுவதும் சொல்லுக்குக் கடன்படுவதும் வேறு. திணை வேறுபாடு இலக்கணத்தோடு நிற்பதன்று என மேலே கூறியது இதுபற்றியே.

அதே திங்களில் வெளியான மற்றோர் ஆய்வும் கருதத்தக்கது. அனுபவம் மிக்க 16 நிரலாளர், தாம் நன்கறிந்த மென்பொருள்களில் 246 பணிகளைச் செய்தனர். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியபொழுது அவர்கட்குப் பிடித்த நேரம் 19 விழுக்காடு மிகுந்தது. ஆனால் அவர்களோ தம் பணி ஏறத்தாழ 20 விழுக்காடு விரைவுற்றதாகவே நம்பினர். கருவிகள் மேலும் வளர்ந்து இவ்வெண்கள் மாறலாம். ஆயினும், விரைவு வேறு, விரைவு போன்ற தோற்றம் வேறு என்னும் பாடம் மாறாது.

இனி, பயிலும் இளைஞர் நிலை. ஒரு தொழிலைக் கற்போர் சிறு பணிகளிலிருந்தே தொடங்குவர். சிறு பிழையைத் திருத்தியும், சிறு சோதனையை எழுதியும், பிறர் எழுதியதைப் படித்தும் படிப்படியாக உயர்வர். அச்சிறு பணிகளே இன்று முதற்கண் முகவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. முகவர் எழுதியது சரியா என்று தீர்ப்பளிக்க வல்ல முதிர்ந்தோர் தேவை. அம்முதிர்ச்சியைத் தரும் படிக்கட்டுகளோ குறைந்து வருகின்றன. ஏணியின் அடிப்படிகளை அகற்றிவிட்டு மேற்படியில் நிற்போரைத் தேடுதல் அறிவுடைமை ஆகுமா? இவ்வினாவிற்கு விடை காணும் கடமை நிறுவனங்கட்கு மட்டுமன்றிக் கல்விக்கூடங்கட்கும் உண்டு.

கல்விக்கூடங்கள் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, கருவி எழுதித் தருவதைப் படித்து, ஐயுற்று, சோதித்து ஏற்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுதல். மற்றொன்று, எண்ணியதை ஐயமற எழுதும் ஆற்றலை வளர்த்தல். பெர்க்லி ஆய்வாளர் கண்ட முதற்பிரிவுக் குறை, பணி தெளிவாகச் சொல்லப்படாமையே என்பதை மறத்தலாகாது. முகவர்க்கு இடும் கட்டளை இன்று பெரும்பாலும் மாந்தர் மொழியிலேயே எழுதப்படுகிறது. எழுவாய் எது, பயனிலை எது, வரம்பு எது, விலக்கு எது என்று தெளிவுற எழுதத் தெரிந்தவரே அக்கூட்டத்தை நடத்தவும் வல்லவர். ஆகவே, கட்டுரைப் பாடம் கற்பிக்கும் மொழியாசிரியரின் பணி இத்துறைக்கு அயலானதன்று.

புரூக்ஸ் தம் நூலை வெளியிட்டு அரை நூற்றாண்டு ஆயிற்று. கூடுவோர் மாறினர், கூடும் விரைவு மாறிற்று. ஆயின், முழுமையை ஒருவர் மனத்தில் கொள்ளல், எல்லைகளைத் தெளிவாக வகுத்தல், முடிந்ததைச் சரிபார்த்தல், விளைவிற்குப் பொறுப்பேற்றல் என்னும் நான்கும் மாறவில்லை. முதல் மூன்றில் முகவர்கள் துணைபுரியலாம். நான்காவது உயர்திணைக்கே உரியது.